அப்பா ஒப்புக்கொண்ட குடி

எங்கள் அப்பா குடிக்கிறார் என்று தாம்பரத்தில் முதலில் சொன்னது யார் என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் ஒருவர் மேல் சந்தேகம் உண்டு. எங்கள் சர்ச்சுக் கமிட்டியின் செயலாளர். ஆதாரம் கேட்காதீர்கள். ஆதாரம் கையில் இருந்தால் நான் ஏன் சந்தேகம் என்று சொல்லப்போகிறேன்?

சந்தேகம் என் பிறவிக்குணம். அறுபதுகளில் நான் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்தேன். பரீட்சை ஹாலில் நான் நின்றால் ஒரு பிட்டு வெளியே வராது. பால்காரர் அளந்து ஊற்றினால் நுரையை ஊதிவிட்டுத்தான் பாத்திரத்தை உள்ளே எடுப்பேன். "உன்னைக் கட்டிக்கப்போறவன் பாவம்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அம்மா போன பிறகு வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அப்பா ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அதன்பிறகு சர்ச்சுதான் அவருக்கு ஆபீஸ்.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. அப்பாவுக்கு அந்தச் சட்டமே தேவையில்லை. இருமல் டானிக்கைக்கூட லேபிளைப் படித்துவிட்டுத்தான் குடிப்பார். சர்ச்சில் அவருக்கு இரண்டு பொறுப்புகள். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது ஒன்று. திருவிருந்துக்குத் திராட்சரசம் தயாரிப்பது இன்னொன்று. திருவிருந்து என்பது மாதம் ஒருமுறை சபையார் எல்லோரும் பீடத்தின் முன் மண்டியிட்டு அப்பமும் ரசமும் வாங்கும் சடங்கு. அதற்கான ரசத்தைக் கடையில் வாங்கும் வம்பு வேண்டாம் என்று, காய்ந்த திராட்சையை ஊறவைத்து, கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி எங்கள் வீட்டில்தான் செய்வோம். அடுப்பு என்னுடையது, ஜெபம் அவருடையது.

அப்படி ஒரு திருவிருந்து ஞாயிறன்றுதான் அது நடந்தது. அப்பா பாடம் வாசித்துக்கொண்டிருந்தார். கணீரென்று வாசிப்பவர். நடுவில் ஒரு வார்த்தை நீண்டது. அடுத்த வார்த்தை குழைந்தது. அதற்கடுத்தது வார்த்தையாகவே இல்லை. வலது கையில் பிடித்திருந்த வேதப்புத்தகம் மெதுவாகச் சரிந்து மேஜையில் விழுந்தது. அப்பா மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். வாய் ஒருமாதிரி கோணியிருந்தது. அது சிரிப்பது போலத் தெரிந்ததுதான் பெரிய கஷ்டம். செயலாளர் எழுந்து போய் அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தானே வாசித்து முடித்தார். எவ்வளவு நாளாகக் காத்திருந்தாரோ, ஒரு தடுமாற்றம் இல்லாமல் வாசித்தார்.

ஆராதனை முடிவதற்குள் அப்பா பழையபடி ஆகிவிட்டார். வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தார். "காலையில சாப்பிடல, அதான்" என்றார். நாக்கு குழறவில்லை. கை நடுங்கவில்லை. கேட்டவர்கள் சரி சரி என்று தலையாட்டினார்கள். ஆனால் பெண்கள் பக்கம் இருந்த எனக்கு அவர்கள் முகம் நன்றாகவே தெரிந்தது. ரசம் வடிக்கிறவர், வெறும் வயிறு, குழறல், தள்ளாட்டம், பிறகு ஒரு சிரிப்பு. கூட்டிப்பார்க்க எங்கள் சபையாருக்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

அந்த வாரமே இன்னொன்று. ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அக்கா, உங்க வூட்டுப் பெரியவரு ஸ்டேசன் படியில குந்திகினு கீறாரு. பேச்சு கொளறுது. இன்னான்னு வந்து பாரு" என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டே, "நா யாருகிட்டயும் சொல்லல" என்று சேர்த்துக்கொண்டார். அவரும் குடி என்றுதான் நினைக்கிறார் என்று புரிந்தது. அவர் வண்டியிலேயே ஏறிப் போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் அப்பா எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, எதிரே வந்துகொண்டிருந்தார். "வெயில்மா, வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

அன்று சாயங்காலம் காபி கொடுக்கிற சாக்கில் குனிந்து அவர் வாயை மோந்து பார்த்தேன். கிராம்பு வாசனை வந்தது. குடிக்கிறவர்கள் கிராம்பு மெல்லுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பல்வலிக்காரர்களும் மெல்லுவார்கள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. பெற்ற அப்பாவைச் சந்தேகப்பட்டதற்காக இன்று வருத்தப்படுகிறேன் என்று எழுதினால் அது பொய். அந்தச் சந்தேகம் இல்லாவிட்டால் கடைசிவரை எனக்கு ஒன்றும் தெரியாமலே போயிருக்கும்.

அதற்குப்பிறகு அவரை ஒரு திருடனைக் கவனிப்பது போலக் கவனிக்க ஆரம்பித்தேன். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். உயிராகச் சாப்பிடும் கருவாட்டைத் தொடவில்லை. ஊறுகாய் ஜாடியை நகர்த்தி வைத்தார். வெளியே எங்கோ வயிற்றை நிரப்பிக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். இடையிடையே மதியத்தில், "போஸ்டாபீஸ் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று கிளம்பி, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பினார். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் போஸ்டாபீஸ் கூரை தெரியும். கழற்றிப்போட்ட சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். சாராய நெடி இல்லை. வேறு ஒரு நாற்றம் அடித்தது. அழுகலும் சுண்ணாம்பும் கலந்தது. எங்கேயோ பட்ட நாற்றம், எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. இருபத்தாறு வயது முடிந்த டீச்சரம்மாவுக்கு வரன் வருவது அப்போது லேசான காரியம் இல்லை. பையன் வீடு பெருங்களத்தூரில். பட்டணத்தில் ஆபீஸ் வேலை. அவருடைய அப்பா மிலிட்டரியில் இருந்து வந்தவர். கொண்டுவந்தது என் அத்தை, அப்பாவின் அக்கா. எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஜாதகம் பார்ப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அதற்குப் பதிலாக விசாரிப்போம். போதகரிடம், பக்கத்து வீட்டில், பள்ளிக்கூடத்தில், மளிகைக்கடையில். தாம்பரத்துப் பெண் என்றால் முதல் கேள்வியே நெஞ்சில் சளி உண்டா என்பதுதான், க்ஷயரோக ஆஸ்பத்திரி இந்தப் பக்கம் இருப்பதால். எங்களைப் பற்றி விசாரித்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை, அவர்களைப் பற்றி விசாரித்தேன்.

அத்தை ஒருநாள் வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். அப்பாவும் நானும் எதிரே.

"பையனோட அம்மா ஒண்ணு கேட்டுவிட்டிருக்கு. சர்ச்சுல நடந்தது அவங்க காதுக்குப் போயிடுச்சு. ரெண்டு விதமாப் போயிருக்கு. ஒருத்தர் குடிங்கறாங்க. இன்னொருத்தர் வலிப்பு, மூளையில ஏதோ கோளாறுங்கறாங்க."

அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"குடின்னா பரவால்ல, ஆம்பளைங்க சமாச்சாரம், எங்க வீட்டுலயும் உண்டுன்னு அந்தம்மாவே சொல்லிடுச்சு. ஆனா மூளை சம்பந்தமா ஏதாவது இருந்தா வேண்டாமாம். பொறக்கப்போற பிள்ளைங்களுக்கு வந்துடக்கூடாதாம். என்ன தம்பி, நான் என்ன சொல்லட்டும்?"

"ஞாயித்துக்கிழமை முடியட்டும்க்கா, சொல்றேன்" என்றார் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகள் படிக்கும் நேரத்தில் அப்பா எழுந்து நின்றார். கமிட்டி அவரைக் கூப்பிட்டு விசாரிக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, "சகோதர சகோதரிகளே, நான் குடிச்சேன். சபைக்கு முன்னால ஒத்துக்கறேன். மன்னிக்கணும்" என்றார். உட்கார்ந்துவிட்டார். பனை விசிறிகள் எல்லாம் நின்றுபோயின. போதகர் எழுந்து, அப்பாவுடைய தைரியத்தைப் பாராட்டிவிட்டு, சபை ஒழுங்கின்படி அவரைத் திருவிருந்திலிருந்து நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். பாடம் வாசிப்பதும் ரசம் வடிப்பதும் அன்றே செயலாளர் கைக்குப் போயின.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு அழுகையும் ஆத்திரமும். ஆனால் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது என் வழக்கமான புத்தி வேலைசெய்ய ஆரம்பித்தது. பிட்டு அடித்த பெண் எவளும் கேட்டவுடன் ஒப்புக்கொண்டதில்லை. கையும் களவுமாகப் பிடித்தாலும் காற்றில் பறந்துவந்து விழுந்தது டீச்சர் என்பாள். கேட்பதற்கு முன்பே எழுந்து நின்று நான்தான் என்கிறவள் வேறு யாரையோ காப்பாற்றுகிறாள் என்று அர்த்தம். இது என் பள்ளிக்கூட அனுபவம். அப்பா யாரைக் காப்பாற்றுகிறார்?

அடுத்த முறை அவர் போஸ்டாபீஸுக்குக் கிளம்பியபோது பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். அவர் நேரே ஸ்டேஷனுக்குப் போய் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினார். நான் பெண்கள் பெட்டியில் ஏறினேன். பல்லாவரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, பம்மலுக்குப் போனார். பஸ்ஸை விட்டு இறங்கினதுமே அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. தோல் பதனிடும் தொட்டிகளின் நாற்றம். அவர் சட்டையில் மோந்தது இதைத்தான். எங்கள் சபையார் மூக்கைப் பிடித்துக்கொண்டுகூட வராத இடமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார் என்று புரிந்தது.

ஓட்டு வீடு ஒன்றின் முன் பெஞ்சு. உள்ளே ஒரு வயதான டாக்டர், பழைய எல்.எம்.பி. படிப்பு. அப்பா போய்விட்டு வெளியே வரும்வரை எதிர்ப்பக்கம் ஒரு கடை மறைவில் நின்றேன். அவர் பஸ் ஏறியதும் உள்ளே நுழைந்தேன். யார் என்று சொன்னேன்.

"ஓ, சாப்பாட்டுல உப்பு கொட்டற பொண்ணு நீதானா? உன்னைக் கூட்டிட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன் அவருகிட்ட" என்றார் டாக்டர்.

"எங்கப்பா குடிக்கிறாரா சார்?"

"குடியா? அவருக்கு பிரஷர்மா. எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு."

வாயும் கையும் போய்த் திரும்பி வருவதைப் பற்றிக் கேட்டேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து இரண்டு ரப்பர் குழாய்களை எடுத்து வைத்தார். பிரஷர் பார்க்கும் கருவியில் மாட்டுவது. ஒன்று புதிது, ஒன்று கழற்றிப்போட்டது. இரண்டையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். புதிது அமுங்கி எழும்பியது. பழையது விறைத்துக் கிடந்தது, மடக்கினால் வெடிப்பு தெரிந்தது.

"மூளைக்குப் போற ரத்தக்குழாயும் வயசானா இப்படித்தான் ஆகுது. கெட்டியாயிடும். உள்பக்கம் சுவர் தடிச்சு வழி குறுகிடும். நமக்கெல்லாம் வர்றதுதான். பிரஷர் இருந்தா சீக்கிரமா வரும். எங்கயாவது கொஞ்ச நேரம் ரத்தம் போகாம நின்னுச்சுன்னா, அந்த இடம் பாக்கற வேலையும் நின்னுடும். உங்கப்பாவுக்குப் பேச்சும் வலது கையும். மறுபடி ரத்தம் ஓடினதும் சரியாயிடறாரு."

"எப்பவும் இப்படிச் சரியாயிடுமா சார்?"

அவர் குழாய்களை டிராயரில் போட்டு மூடினார். "ஒருநாள் திரும்பாது. பெருசா ஒண்ணு வரலாம். இல்லேன்னா கண்ணுக்குத் தெரியாம சின்னச் சின்னதா வந்து, ஆளைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டுப் போகலாம். மாத்திரை குடுக்கறேன். உப்பைக் குறை. வேற என்னால முடிஞ்சது ஒண்ணும் இல்ல" என்றார். டாக்டர்களையும் நான் சுலபத்தில் நம்புவதில்லை. என்னால் முடியாது என்று சொன்னதால் இவரை நம்பினேன்.

வீட்டுக்கு வந்து அப்பா முன்னால் உப்பில்லாத சோற்றைப் போட்டேன். ஒரு வாய் வைத்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பம்மலுக்குப் போனியா?" என்றார்.

"சர்ச்சுல நின்னு பொய் சொல்லியிருக்கீங்களேப்பா."

"கர்த்தருக்கு உண்மை தெரியும்மா."

"செயலாளருக்குத் தெரியாதே."

அப்பா சிரித்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மூளைன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா உன்னை யாரும் வந்து கேக்க மாட்டாங்க. குடி அப்படி இல்ல. குடிச்சவன் திருந்திட்டான்னு சொல்லலாம். இதுல இருந்து எப்படித் திருந்தறது? நீ போற இடத்துல நல்லா இருக்கணும், எனக்கு அது போதும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் கேட்டது இந்தத் தியாகத்தை? அவர் பேர் போய் எனக்குக் கல்யாணமா என்று கத்தினேன். நாளைக்கே கமிட்டியில் சொல்கிறேன் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பெற்றவர் கும்பிடுகிற நிலைக்கு ஆளாகிவிட்டேனே என்று அழுதேன். கமிட்டியில் சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். கல்யாணம் செய்துகொள்ளப்போகிறவரிடம் சொல்ல மாட்டேன் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

மறுவாரம், ஆபீஸ் போக வண்டி மாறிக்கொண்டிருந்த பெருங்களத்தூர் மாப்பிள்ளையைத் தாம்பரம் பிளாட்பாரத்தில் பிடித்தேன். ஒரு பெண் வழிமறித்துப் பேசியதில் அவர்தான் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், அடைப்பு, நாளைக்கு என்ன ஆகலாம் என்பது வரைக்கும். அவர் கேட்டுக்கொண்டே நின்றதில் ஒரு வண்டி போய்விட்டது.

"எங்கப்பா தினம் குடிக்கிறாருங்க. உடம்புக்கு முடியலைன்னு சர்ட்டிபிகேட் குடுத்து, குடிக்கறதுக்கு பெர்மிட் வாங்கியிருக்காரு. யார் கேட்டாலும் பிரஷருக்கு மருந்துன்னுதான் எங்கம்மா சொல்லும். நீங்க பிரஷரைக் குடின்னு சொல்றீங்க. நாங்க குடியை பிரஷர்னு சொல்றோம்" என்றார். அடுத்த வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

இவ்வளவு லேசாகச் சம்மதிக்கிறவரை நம்பலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். வேறு ஏதாவது மறைக்கிறாரா என்று அத்தையை இன்னொரு முறை விசாரிக்கச் சொன்னேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன் எங்கள் வழக்கப்படி சர்ச்சில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்கிறவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் நான் செயலாளர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அசையவில்லை. அதில் ஒன்று திருவிருந்து ஞாயிறு. எல்லோரும் எழுந்து வரிசையாக முன்னே போனார்கள். அப்பா மட்டும் கடைசிப் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "போம்மா, பாக்கறாங்க" என்று என்னைத் தள்ளினார். நான் போகவில்லை. அன்றைக்கு அந்தச் சபையார் ஒவ்வொருவரையும் நான் வெறுத்தேன்.

சில மாதங்கள் கழித்து அப்பாவைத் திரும்பவும் திருவிருந்தில் சேர்த்துக்கொண்டார்கள். பழைய பொறுப்புகள் மட்டும் திரும்பி வரவே இல்லை. செயலாளர் வடித்த ரசம் ஒருமுறை புளித்துப் பொங்கியது என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

கல்யாணமாகி நாங்கள் இரும்புலியூரில் குடியேறினோம். அப்பாவும் எங்களோடு வந்துவிட்டார். டாக்டர் சொன்ன பெரியது வரவில்லை. சின்னச் சின்னதாகத்தான் வந்தது. மாடிப்படியில் ஒரு படி இறங்கி நிற்பது போல. அந்தப் படியிலேயே மாதக்கணக்கில் நிற்பார், இனி சரியாகிவிடும் என்று நாங்களும் நம்பியிருப்போம். ஒருநாள் காலையில் பார்த்தால் இன்னொரு படி இறங்கியிருப்பார். முதலில் கையெழுத்து போனது. பிறகு வழி. ஜி.எஸ்.டி. ரோட்டில் இந்தப் பக்கம் தாம்பரம், அந்தப் பக்கம் பெருங்களத்தூர், அவ்வளவுதான். அதில் எது எது என்று தெரியாமல் நின்றிருந்தவரை யாரோ கொண்டுவந்து விட்டார்கள். எழுபதுகள் பிறந்து, மதுவிலக்கை எடுத்து, ரோட்டோரத்தில் சாராயக்கடை திறந்தபோது, "இதெல்லாம் எப்ப வந்தது?" என்று தினமும் கேட்டார். தினமும் சொன்னேன்.

என் மாமியார் இறந்த பிறகு, இனி மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை, கமிட்டியில் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "எந்த உண்மை?" என்று கேட்டார். நான் விளக்கினேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. பரீட்சை ஹாலில் நான் பார்க்கிற பார்வை.

அதற்குப்பிறகு அவர் என்னை நம்பவே இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்துவிட்டு நான் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். என் கணவர் கமிட்டி அனுப்பிய ஆள் என்றார். உப்பில்லாமல் போட்டுக் கொல்லப் பார்க்கிறாள் என்று பக்கத்து வீட்டில் முறையிட்டார். நான் கொடுக்கும் காபியை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பல நாள் சிரித்தேன், சில நாள் தாங்கமுடியாமல் கொல்லைப்புறம் போய் அழுதேன். ஊரெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு, ஒருவர் என்னைச் சந்தேகப்பட்டால் இப்படி வலிக்கும் என்று தெரியாது.

அவர் நடமாட முடியாமல் ஆன வருடம், பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம், புதிதாக வந்திருந்த போதகர் வீட்டுக்கே திருவிருந்து கொண்டுவந்தார். சின்ன வயது. எங்கள் பழைய கதை ஒன்றும் தெரியாது. ஸ்டூலில் வெள்ளைத்துணி விரித்து, அப்பமும் சின்னக் கிண்ணத்தில் ரசமும் வைத்து ஜெபித்தார். அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். ஜெபம் முழுவதற்கும் உதடு அசைந்தது. அதெல்லாம் மறக்கவில்லை. போதகர் அப்பத்தை எடுத்து நீட்டியதும் அப்பா இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வேணாம் ஐயா. எனக்கு அருகதை இல்ல. நான் குடிச்சவன். நிறுத்தி வச்சிருக்காங்க."

போதகர் என்னைப் பார்த்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"அப்பா, நீங்க குடிக்கவே இல்லப்பா. உங்களுக்கு பிரஷர். என் கல்யாணத்துக்காக அப்படிச் சொன்னீங்க. ஒரு சொட்டுகூட நீங்க குடிச்சதில்ல."

அப்பா கையை எடுக்கவில்லை. விரல்களுக்கு நடுவிலிருந்து போதகரிடம் பேசினார். "இவ பேச்சை நம்பாதீங்க ஐயா. எம்மேல பாசம். எனக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்கறதுக்காகப் பொய் சொல்றா. நான் சபைக்கு முன்னாடி ஒத்துக்கிட்டிருக்கேன்."

அந்தக் குழாய்கள் அவரிடமிருந்து எத்தனையோ எடுத்துக்கொண்டு போயிருந்தன. ஏன் சொன்னார் என்பதையும் எடுத்துக்கொண்டன. சொன்னதை மட்டும் விட்டுவிட்டன. போதகர் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். யார் சொல்வது உண்மை என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு என் மேல்தான் சந்தேகம் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

"அம்மா, இவர் இப்ப மனம் திரும்பிட்டாரா? நீங்க சொன்னா நான் குடுக்கறேன்" என்றார் மெதுவாக.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்திய கையில் விரல்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருந்தன. அவர் எவ்வளவு ஆசைப்படுகிறார் என்பது அந்தக் கையில் தெரிந்தது.

"ஆமா ஐயா. அப்பா குடிச்சார். விட்டு ரொம்ப நாளாச்சு. இப்பத் தொடறதே இல்ல" என்றேன்.

அப்பாவின் முகம் தெளிந்தது. கையைக் கீழே இறக்கினார். "இப்பத்தான் இவ உண்மையைச் சொல்றா" என்று போதகரிடம் சொல்லிவிட்டு, வாயைத் திறந்தார்.